கண்ணை மூடினால் கவலை கூடுகிறதே, டாக்டர்!

கேள்வி: என் வயது 41. எதற்கெடுத்தாலும் கவலை. மகன் வர பத்து நிமிடம் தாமதமானால் விபத்தோ என்று நினைக்கிறேன். தலை வலித்தால் மூளையில் கட்டியோ என்று பயம். ஒரு வருடத்துக்கு மேலாக இப்படித்தான், தூக்கமும் கெட்டுவிட்டது. மைண்ட்ஃபுல்னெஸ், அதாவது இந்த நொடியில் நடப்பதை அப்படியே கவனிக்கும் பயிற்சி செய்தால் சரியாகும் என்றார்கள். இரண்டு வாரம் முயன்றேன். மூச்சைக் கவனிக்க உட்கார்ந்தாலே கவலைகள் படையெடுத்து வருகின்றன. எனக்கு இது ஒத்துவராதா?

மருத்துவர் பதில்: கவலைகள் படையெடுத்து வருவதைப் பார்த்தீர்கள் அல்லவா? பயிற்சி அங்கேதான் தொடங்குகிறது. மனம் வெறுமையாக வேண்டும் என்று நினைத்து உட்காருகிறவர்கள்தான் ஓரிரு வாரத்தில் சோர்ந்து விட்டுவிடுகிறார்கள். உங்கள் மனம் புதிதாக எதையும் உண்டாக்கவில்லை. பகலெல்லாம் வேலைச் சத்தத்தில் அமுங்கிக் கிடந்தது இப்போது காதில் விழுகிறது, அவ்வளவுதான்.

'மகனுக்கு என்ன ஆயிற்றோ' என்ற எண்ணம் வந்ததும் நீங்கள் அதற்குப் பதில் தேடுகிறீர்கள். ஒரு பதில் கிடைத்தால் அடுத்த 'ஒருவேளை' வந்து நிற்கிறது. அப்படிக் கவலைப்படுவதே ஏதோ பாதுகாப்பு போலவும் தோன்றும். பயிற்சியில் எண்ணத்தை விரட்டவும் வேண்டாம், பதில் சொல்லவும் வேண்டாம். 'இதோ, கவலை வந்திருக்கிறது' என்று மனதுக்குள் பெயர் சொல்லுங்கள். நெஞ்சு இறுகுகிறதா, வயிறு பிசைகிறதா என்று பாருங்கள். பிறகு மூச்சுக்குத் திரும்புங்கள். பத்து நிமிடத்தில் ஐம்பது முறை மனம் ஓடினால், ஐம்பது முறை திரும்பிவரப் பழகினீர்கள் என்று அர்த்தம்.

சிலருக்கு மூச்சைக் கவனிப்பதே படபடப்பைத் தரும். அப்படியானால் மூச்சை விட்டுவிடுங்கள். கண்ணைத் திறந்தபடி, பாதம் தரையில் படுவதைக் கவனியுங்கள்; மெதுவாக நடந்தபடியும் செய்யலாம். ஐந்து நிமிடத்தில் தொடங்கினால் போதும்.

இரண்டு வாரத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-ஸின் 1979இல் தொடங்கிய மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சித் திட்டமே 8 வாரம் நடப்பது. வாரம் ஒரு வகுப்பு, வீட்டில் தினமும் பயிற்சி. பதற்றக் கோளாறு உள்ள 276 பேரிடம் இந்த 8 வாரப் பயிற்சியை பதற்றத்துக்குத் தரும் எஸ்சிட்டலோபிராம் மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். 2022இல் வெளியான அந்த ஆய்வில், பயிற்சி மாத்திரைக்குக் குறையாத பலன் தந்தது. ஆனால் அது ஆசிரியர் முன்னிலையில், குழுவாகக் கற்றது. உங்களுக்கும் நேரடி வகுப்பையே சொல்வேன்.

அதற்கு முன் ஒரு மருத்துவரைப் பாருங்கள். கட்டுக்கடங்காத கவலை 6 மாதத்துக்கு மேல் நீடித்து, தூக்கத்தையும் கெடுத்தால், அது 'பொதுப் பதற்றக் கோளாறாக' இருக்கலாம். வெறும் சுபாவம் என்று ஒதுக்க வேண்டாம். தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் இதே படபடப்பு வரும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். காபி அதிகம் குடிப்பவரா என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். சிந்தனைப் போக்கை மாற்றும் சிபிடி என்ற உளவியல் சிகிச்சையும் நல்ல பலன் தரும்.

ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால், பயிற்சியை நம்பி நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பயிற்சியின்போது பழைய கொடுமையான சம்பவங்கள் கண்முன் வந்து உலுக்கினால் அன்றே நிறுத்திவிட்டு மனநல மருத்துவரிடம் சொல்லுங்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம். வீட்டில் ஒருவரிடம் சொல்லி, உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.