தேதி மட்டும் தள்ளிக்கொண்டே போகிறது

கேள்வி: மின்சார கார் ஒன்றுக்கு முன்பணம் கட்டினேன். முதலில் ஆடி கழித்து என்றார்கள், அப்புறம் நவராத்திரி, இப்போது தை. அப்பச்சிக்கு அறுபது சாந்தி வருகிறது, புது வண்டியில் பிள்ளையார்பட்டிக்குக் கூட்டிப்போக நினைத்தோம். என்ன செய்வது?
– வாசகர், காரைக்குடி

பதில்: உங்கள் கோபம் முழுக்க நியாயம். ஷோரூமில் சொல்லும் தேதி பெரும்பாலும் ஒரு மதிப்பீடுதான். உங்கள் பெயருக்குச் சேஸிஸ் எண் (ஒவ்வொரு வண்டிக்கும் உள்ள தனி அடையாள எண்) ஒதுக்கும்வரை, நீங்கள் கேட்ட மாடலும் நிறமும் எந்த மாதம் வரும் என்று விற்பவருக்கே உறுதியாகத் தெரியாது. அதனால் "எப்போது வரும்" என்பதை விட்டுவிட்டு, "சேஸிஸ் எண் ஒதுக்கியாச்சா" என்று மின்னஞ்சலில் கேளுங்கள், பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள். வேறு நிறம் சீக்கிரம் கிடைக்குமா என்றும் கேளுங்கள். நானாக இருந்தால் அப்பச்சிக்காக நிறத்தை விட்டுக்கொடுப்பேன்.

காத்திருக்க மனமில்லை என்றால், புக்கிங் ரசீதில் ரத்து செய்வதற்கான விதியைப் படித்துவிட்டு எழுதிக் கொடுங்கள். பணத்தைத் திருப்பித் தராமல் இழுத்தடித்தால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையவில்லையா, சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும்.

சாந்திக்கு மட்டும் ஒரு வாடகை வண்டி இப்போதே பேசி வையுங்கள்.