சிரித்தால் கோபம் தணிந்துவிடுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோருமாக 'அமைதிப்படை' படத்தை மறுபடியும் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு ஒரு கேள்வி உறுத்தியது. அரசியல்வாதியைத் திரையில் கேலி செய்வது, நம் கோபத்தைச் சிரிப்பிலேயே தீர்த்துவிட்டு அவர்களுக்குத்தான் நன்மை செய்கிறதோ?

உங்கள் வாசகன்,
பெரம்பூர்.

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஐயம் நியாயமானது. ஆனால் கேலி கோபத்தை ஆற்றுவதோடு முடிந்துவிடுமானால், ஆட்சியாளர்கள் அதற்கு அஞ்சியிருக்க வேண்டியதில்லை. காங்கிரஸ் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த அம்ரித் நாகட்டா எடுத்த 'கிஸ்ஸா குர்ஸி கா' என்ற இந்தி அரசியல் நையாண்டிப் படம் 1975இல் தணிக்கைக்குச் சென்றது. நெருக்கடி நிலைக் காலத்தில் அதன் பிரதிகளும் நெகட்டிவும் எரிக்கப்பட்டன. அவர் மனம் தளராமல் அதே கதையை மீண்டும் எடுத்து 1978இல் வெளியிட்டார்.

இருந்தாலும், நாம் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதைப் பொறுத்தே உங்கள் கேள்விக்கு விடை அமையும் என்று நினைக்கிறேன். தலைவரின் நடையையும் பேச்சையும் போலச் செய்து காட்டும் கேலி அன்றைக்கே தீர்ந்துவிடும்; நம்மையும் பார்த்துச் சிரிக்கவைக்கும் கேலிதான் நிலைக்கும்.

1994இல் மணிவண்ணன் இயக்கிய 'அமைதிப்படை'யில் வாக்கு எண்ணிக்கைக் காட்சியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கோயிலில் தேங்காய் பொறுக்கிக்கொண்டிருந்த அமாவாசை, தன்னைத் தேர்தலில் நிறுத்திய அரசியல்வாதிக்குப் பக்கத்தில் நாற்காலியின் நுனியில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறான். எண்ணிக்கை தனக்குச் சாதகமாகத் திரும்பத் திரும்ப, அமாவாசையாக நடிக்கும் சத்யராஜின் முதுகு நிமிர்கிறது, உடம்பு நாற்காலியில் சாய்கிறது, பார்வையிலிருந்த பணிவு வடிந்துபோகிறது. பெரிய வசனம் எதுவும் தேவைப்படவில்லை. அப்போது வடசென்னைத் திரையரங்கு ஒன்றில் நான் அதைப் பார்த்தேன்; தொடக்கத்தில் அதிர்ந்த சிரிப்பு காட்சி முடிவதற்குள் தேய்ந்து அடங்கியது இன்றும் என் காதில் இருக்கிறது. அந்த முதுகை நிமிர்த்தியது நாம் போட்ட வாக்கு என்பது அரங்கில் இருந்தவர்களுக்குப் புரிந்துவிட்டது.

சோ 1968இல் நாடகமாக எழுதி 1971இல் படமாக்கிய 'முகமது பின் துக்ளக்'கிலும், தன்னைத் துக்ளக் சுல்தான் என்று ஏமாற்றிப் பிரதமரானவனிடம் கட்சி மாறி வருபவர்களுக்கெல்லாம் துணைப் பிரதமர் பதவி கிடைப்பதைப் பார்த்து நாம் சிரித்துக்கொண்டே இருக்கிறோம். கடைசியில் உண்மையைச் சொல்பவனைத் தள்ளிவிட்டுக் கூட்டம் பொய்யனையே நம்பும்போது அந்தச் சிரிப்பு நம் பக்கமே திரும்பிவிடுகிறது. அந்த முடிவு இல்லாவிட்டால் அப்படம் வெறும் துணுக்குத் தோரணமாகவே நின்றிருக்கும் என்பது என் கருத்து.

இந்த மரபு அறுந்துவிடவில்லை. மடோன் அஸ்வினின் 'மண்டேலா' 2021இல் சட்டமன்றத் தேர்தல் வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு நேரடியாகத் தொலைக்காட்சியில் வந்தது. ஊரே பெயர் சொல்லிக்கூட அழைக்காத முடிதிருத்தும் தொழிலாளியின் ஒற்றை வாக்கு ஊராட்சித் தலைவரைத் தீர்மானிக்கும் என்றானதும், இரு தரப்பும் அவனுக்குப் பரிசுகளைக் கொட்டுகின்றன. அவனும் முதலில் கூசாமல் வாங்கிக்கொள்கிறான். யோகி பாபுவின் முகத்தில் தெரியும் அந்த மகிழ்ச்சியைக் கண்டு நான் சிரித்தேன், உடனே வெட்கப்பட்டேன். அந்த வாக்கைக் கொண்டே ஊருக்குச் சாலையும் கழிப்பறையும் கேட்க அவன் கற்றுக்கொள்வது அதற்குப் பிறகுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதையும் வீட்டோடு பாருங்கள். பார்த்துவிட்டு, யார் எந்த இடத்தில் சிரிப்பதை நிறுத்தினார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
சென்னை.