கேளுங்க அண்ணாச்சி: ஜன்னல் இல்லாத கல் அறை

கேள்வி: அண்ணாச்சி, மகள் பேறுகாலத்துக்கு இங்கிலாந்து போயிருந்தேன். பாத் நகரத்துக்குப் பக்கத்தில் லேக்காக் என்ற சின்ன ஊருக்குக் கூட்டிப்போனார்கள். தெருவில் ஒரு மின்கம்பி, ஒரு டிவி ஆன்டெனா கண்ணில் படவில்லை. பெரிய களஞ்சியம் ஒன்றை ஒட்டிக் குமிழ்க்கூரையோடு குட்டிக் கல் அறை; கதவு உண்டு, ஜன்னல் கிடையாது. மருமகன் ‘பழைய கோயிலா இருக்கும் அத்தை’ என்றார். நிஜமா?
வாசகி, பாளையங்கோட்டை

பதில்: கோயிலா! அது கொட்டடி, தங்கச்சி. குடித்துவிட்டுத் தெருவில் சலம்பினவனை ராத்திரி உள்ளே தள்ளிப் பூட்டுவார்கள். போதை இறங்கினால் வெளியே விடுவார்கள். 18-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். ஜன்னல் இல்லாததால் ஊர்க்காரர்கள் வைத்த பேர் ‘குருட்டு வீடு’.

எனக்குப் பிடித்தது அந்தக் களஞ்சியம்தான். அது 14-ஆம் நூற்றாண்டு. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைச் சபைக்குக் கொடுக்கும் தசமபாகத்தைப் பாளையங்கோட்டைக்காரிக்கு விளக்க வேண்டாம். இன்று கவரில் போடுவதை அன்று தானியமாகக் கொண்டுவந்து கொட்டியது அங்கேதான். வாங்கிக்கொண்டது கன்னியர் மடம். சாலிஸ்பரி சீமாட்டி ஏலா, கணவரை இழந்தபின் 1232-ல் நிறுவியது. 1539-ல் மன்னர் எட்டாம் ஹென்றி மடத்தை மூடினார். அதை விலைக்கு வாங்கிய ஷேரிங்டன் என்பவர் மடத்துத் தேவாலயத்தை இடித்தார்; சுற்றுத் தாழ்வாரத்தை மட்டும் என்ன நினைத்தாரோ, விட்டுவைத்தார்.

ஊர் இன்றும் அப்படியே நிற்பதற்குக் காரணம், அதில் பெரும்பகுதி டால்பட் என்ற ஒரே குடும்பத்தின் கையில் இருந்ததுதான். 1944-ல் மெட்டில்டா டால்பட் அம்மையார் மடத்தையும் ஊரையும் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். வீடுகளில் ஆட்கள் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள். மின்கம்பியெல்லாம் மண்ணுக்கடியில். கல்லிடைக்குறிச்சியில் எங்கள் தாத்தா வீட்டை நாலு பங்கு வைத்தோம். என் பங்குக்குத் திண்ணை வந்தது. ஸ்கூட்டர் நிறுத்த அதை இடித்த புண்ணியவான் நானேதான், அதனால் இதற்கு மேல் பேசமாட்டேன்.

மடத்துக்குள் போனீர்களா? தென்பக்கக் கூடத்தில் வெளியே துருத்திக்கொண்டு ஒரு ஜன்னல் இருக்கும். அதே குடும்பத்து வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் 1835 ஆகஸ்டில் அதைப் படம் பிடித்தார். தபால்தலை அளவுக் காகித நெகட்டிவ். உலகில் மிஞ்சியிருக்கும் நெகட்டிவ்களில் அதுதான் மூத்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் கண்ணாடிச் சில்லுகள் சுமார் 200 எண்ணலாம் என்று அவரே அதில் குறித்துவைத்தார். அடுத்த தடவை போகும்போது மருமகனை ஜன்னலில் எண்ணிப் பார்த்து எனக்கு எழுதச் சொல்லுங்கள். கொட்டடியைக் கோயில் என்றவருக்கு அந்த வேலையாவது இருக்கட்டும்.