டிரம் பேடுக்குத் துணையாக எந்த சின்தசைசர்?

கேள்வி: திருவிழா மேடைகளில் ரோலண்ட் எஸ்பிடி-எஸ்எக்ஸ் டிரம் பேட் வாசிக்கிறேன். கூடவே எந்த சின்தசைசர் வாங்கலாம்?
– வாசகர், மேலூர்

பதில்: தாளம் உங்கள் கையிலேயே இருக்கிறது, டிரம் ஒலிகள் நிறைந்த கீபோர்டுக்குப் பணம் போடாதீர்கள். பேஸ் (கனத்த கீழ்ச்சுரங்கள்) மட்டும் போதுமென்றால் கோர்க் மோனோலாக்; ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் ஒலிக்கும். பல சுரங்கள் சேர்ந்தொலிக்கும் கார்டும் (chord) வேண்டுமென்றால், ஒரே நேரத்தில் 4 சுரம் ஒலிக்கும் கோர்க் மினிலாக்கையே எடுங்கள். இரண்டும் அனலாக், அதாவது மின்சுற்றே ஒலியை உண்டாக்கும்; அதனால் சித்திரைச் சூட்டில் சுருதி நகரும். 20 நிமிடம் முன்பே ஆன் செய்து, பிறகு டியூன் செய்யுங்கள்.

பேடின் மிடி அவுட்டை (மிடி என்பது கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பும் இணைப்பு) சின்தின் மிடி இன்னில் செருகியும் சத்தமில்லையா? மிடி சேனல் எண்ணைப் பாருங்கள். டிரம் பேட் பெரும்பாலும் 10இல் அனுப்பும், சின்த் 1இல் கேட்கும். இரண்டையும் ஒன்றாக்குங்கள்.

கிக்கும் (பெரிய டிரம்மின் அடி) பேஸும் மோதிக் குழம்பினால், பேடில் உள்ள கிக் சாம்பிளின் (பதிவு செய்த ஒலி) நீளத்தைக் குறையுங்கள். ஸ்பீக்கரில் 'ம்ம்' என்ற இரைச்சல் வந்தால், கருவியை மிக்சருடன் இணைக்கும் டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைப் போடுங்கள். மின்பிளக்கின் எர்த் பின்னை மட்டும் வெட்டவே வேண்டாம், உயிருக்கே ஆபத்து.