வண்டி கழுவும் தண்ணீர் மழைநீர் வடிகாலில் போகிறதென்று நோட்டீஸ் வந்தவருக்கு

"மக்கும் சோப்புதான் போடுகிறோம், எண்ணெய் பிரிக்கும் தொட்டியும் இருக்கிறது, அப்புறம் எதற்கு நோட்டீஸ்" என்று கேட்டிருக்கிறீர்கள். மக்கும் சோப்பு என்ற வாதம் எடுபடாதுங்க. மழைநீர் வடிகால் பெரும்பாலும் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகாது, நேராக ஆற்றிலோ ஏரியிலோ போய் விழும். சோப்பு மக்குவதற்குள் மீன்களின் செவுளைக் கெடுத்துவிடும், மக்கும்போது தண்ணீரிலிருக்கும் ஆக்சிஜனையும் குறைத்துவிடும்.

தொட்டி விஷயம் இன்னும் மோசம். எண்ணெய் தானாக மேலே மிதப்பதை நம்பித்தான் அது வேலை செய்கிறது. சோப்பு கலந்தால் எண்ணெய் நுண்துளிகளாக உடைந்து, தண்ணீரோடு தண்ணீராக வெளியே போய்விடும். விற்றவர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

கழுவுவதை இப்போதைக்கு நிறுத்துங்கள். கழுவும் தண்ணீர் எங்கே போகிறதென்று அறிய, பழைய கட்டட வரைபடத்தை நம்பாமல், அதிகாரிகளிடம் சொல்லிவிட்டு, விஷமில்லாத சாயத்தைக் கரைத்து கழுவும் இடத்து வடிகாலில் ஊற்றி எந்த மேன்ஹோலில் வருகிறது என்று பாருங்கள். அப்புறம் கழுவும் இடத்தைச் சுற்றித் தண்ணீர் வெளியே ஓடாதபடி சின்ன வரம்பு கட்டி, மேலே கூரை போட்டு, அந்தத் தண்ணீரைப் பாதாளச் சாக்கடையில் சேர்க்க அனுமதி கேளுங்கள். கூரையை விட்டுவிடாதீர்கள், மழைத்தண்ணீரும் சேர்ந்து வந்தால் சுத்திகரிப்பு நிலையம் தாங்காது என்பதால் அனுமதி கிடைப்பது கஷ்டம்.

சாக்கடை இணைப்பே இல்லையா? மூடிய தொட்டியில் சேர்த்து, உரிமம் உள்ள லாரியில் அனுப்ப வேண்டியதுதான், செலவு கொஞ்சம் வலிக்கும். ஒவ்வொரு ரசீதையும் பத்திரமாக வையுங்கள், தொட்டியில் சேறு அள்ளிய தேதியையும் சேர்த்து. நோட்டீஸுக்குக் கெடு முடிவதற்குள் எழுத்தில் பதில் கொடுத்துவிடுங்கள், வேலை பாதியில் இருந்தாலும் சரி.