டெல்டா வீட்டுத் தோட்டத்தில் குட்டை ரோடோடென்ட்ரான் வளருமா?

கேள்வி: சிக்கிமில் பணிபுரியும் என் மகன் அங்குள்ள நர்சரியில் வாங்கி வந்த குட்டை ரோடோடென்ட்ரான் என்னும் மலைப் பூச்செடியை, வண்டல் மண்ணும் தொழுவுரமும் கலந்த தொட்டியில் வைத்து, போர் தண்ணீர் ஊற்றி வருகிறேன். கொழுந்து இலைகள் மஞ்சளாகி நரம்புகள் மட்டும் பச்சையாக உள்ளன. ஒரு கிளையும் வாடிவிட்டது. என்ன உரம் இடலாம்? தரையில் மாற்றி நடலாமா?
- விவசாயி ஒருவர், திருவையாறு

பதில்: உரம் எதுவும் இட வேண்டாம், தரையில் நடவும் வேண்டாம். மகன் ஆசையோடு கொண்டுவந்த செடி என்பதால் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. ஆயினும் டெல்டாவில் இது நிலைத்து வளர்ந்து பூக்காது என்பதே உண்மை.

இமயமலையில் மரங்கள் வளரும் எல்லைக்கும் மேலேயுள்ள சரிவுகளில், பல மாதங்கள் பனிக்கு அடியில் உறங்கிக் கிடந்து, குளிர்ந்த குறுகிய கோடையில் பூப்பவை இக்குட்டை இனங்கள். நம் பகுதியில் பகல் வெயிலைவிட இரவு வெப்பமே இவற்றுக்குப் பெரும்பகை. சித்திரை, வைகாசியில் இரவிலும் வெப்பநிலை 26, 27 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்களில், பகலில் இலைகள் சேர்த்த மாவுச்சத்தைச் செடி இரவுச் சுவாசத்திலேயே பெருமளவு செலவழித்துவிடுவதால், நிழல்வலை கட்டினாலும் அது நாளுக்கு நாள் மெலியும்.

தாங்கள் கூறும் மஞ்சள் நிறம் இரும்புச்சத்துக் குறைபாட்டின் அடையாளம். மண்ணில் இரும்பு இல்லை என்பதல்ல. காரத்தன்மையுள்ள வண்டலில், அதுவும் பைகார்பனேட் என்னும் கார உப்பு மிகுந்த போர் தண்ணீர் பாயும்போது, இரும்பு கரையாத வடிவுக்கு மாறி வேருக்கு எட்டாமல் போகிறது. ரோடோடென்ட்ரானுக்கு மண்ணின் அமில கார நிலை (pH) 4.5 முதல் 6 வரை இருக்க வேண்டும். மயிரிழை போன்ற அதன் மெல்லிய வேர்களில் வேர்த்தூவிகள் கிடையா. ஒருவகைப் பூஞ்சையின் துணையோடுதான் அவை சத்தை எடுத்துக்கொள்கின்றன. நம் களிமண்ணில் நீர் தேங்கி வெப்பமும் சேர்ந்தால், பைட்டோப்தோரா என்னும் அழுகல் நோய் அந்த வேர்களை எளிதில் அழித்துவிடும்.

வாடிய கிளைக்குக் காரணம் அதுதானா என்று பார்க்க, தண்டின் அடிப்பகுதியில் மண்ணை விலக்கி, பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் காப்பாற்ற முயலலாம். தண்டைச் சுற்றிலும் பழுப்பேறியிருந்தால் மருந்து ஊற்றிப் பயனில்லை.

பச்சையாக இருப்பின், நன்கு கழுவி உப்பு நீக்கிய தென்னைநார்க் கழிவு இரண்டு பங்கும் பருமணல் ஒரு பங்கும் கலந்து, அகலமான மண் தொட்டிக்கு மாற்றுங்கள். வேர்க்கட்டின் மேல்மட்டம் மண்ணுக்குள் புதையக் கூடாது. சேமித்த மழைநீரை மட்டும் ஊற்றி, காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வையுங்கள். ஒரு லிட்டர் நீரில் அன்னபேதி (இரும்பு சல்பேட்) 5 கிராம், சிட்ரிக் அமிலம் 1 கிராம் கரைத்து மாலையில் கொழுந்துகள் மீது தெளித்தால் மஞ்சள் நிறம் குறையும். சாம்பல், சுண்ணாம்பு, முட்டை ஓடு ஆகியவற்றை அருகில் கொண்டுவராதீர்கள்.

இவையெல்லாம், கோடைக்கு முன்னரே செடியை உதகையிலோ கொடைக்கானலிலோ உள்ள உறவினர் வீட்டில் சேர்க்கும்வரைக்கான ஏற்பாடுகளே. 2,000 மீட்டருக்கு மேற்பட்ட அம்மலைகளின் சோலை ஓரங்களில், காட்டுப்பூவரசு என்னும் நம் ரோடோடென்ட்ரான் மரம் இயல்பாகவே சிவந்து பூக்கிறது. பனிமூட்டமும் அமில மண்ணும் உள்ள அங்கே தங்கள் செடிக்கும் ஓரளவு வாய்ப்பு உண்டு.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று: இச்செடியின் இலைகளில் கிரையனோடாக்சின் என்னும் நஞ்சு உள்ளது. கவாத்து செய்த கிளைகளைக் கொல்லையில் போட்டு அவற்றை ஆடு மாடுகள் தின்ன நேர்ந்தால், வாயில் நுரை தள்ளி உயிரே போகலாம்.

கொத்துக் கொத்தாகப் பூக்கும் குட்டைச் செடிதான் தங்கள் விருப்பம் என்றால், குட்டை ரக வெட்சியை நடுங்கள். இட்லிப்பூ என்று நம் வீடுகளில் வழங்குவது அதுவே. அதுவும் சற்று அமில மண்ணை விரும்புவதால், வண்டலுடன் வல்லம் பக்கத்துச் செம்மண்ணும் மக்கிய இலை உரமும் கலந்து, மழைக்காலத்தில் நீர் தேங்காத மேட்டுப்பாத்தியில் நடுவது நல்லது. உதிர்ந்து முடிந்த கொத்துகளை அவ்வப்போது கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடித்துத் தொடர்ந்து பூக்கும்.