வேம்பும் மஞ்சளும் கிருமியைக் கொல்லும் என்றால், அவற்றிலிருந்து ஏன் ஆன்டிபயாடிக் மாத்திரை வரவில்லை?

கேள்வியோடு ஒரு சந்தேகத்தையும் சேர்த்திருக்கிறீர்கள்: "மருந்துக் கம்பெனிகள் இதை மறைக்கின்றனவா?" என்று. அதற்குக் கடைசியில் வருகிறேன். "வேம்பு கிருமியைக் கொல்லும்" என்று ஆய்வுக் கட்டுரைகள் எதைப் பார்த்துச் சொல்கின்றன என்பதை முதலில் பார்த்துவிடலாம். நான் மைக்ரோபயாலஜி படித்தவன். அதற்காகக் கிருமி வளர்க்கும் பிளேட்டுகளை நானும் நிறையப் போட்டிருக்கிறேன்.

இலையை நிழலில் காயவைத்துப் பொடியாக்கி, மெத்தனாலில் சாறு இறக்குவோம். சாறு வற்றியதும் கிடைக்கும் பிசினை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து, 6 மி.மீ. வடிதாள் வில்லையில் ஏற்றுவோம். கிருமி வளர்க்கும் அகார் ஜெல்லி ஊற்றிய தட்டில் ஈ.கோலை, ஸ்டஃபைலோகாக்கஸ் மாதிரி ஏதாவது ஒரு பாக்டீரியாவைத் தடவி, நடுவில் வில்லையை வைத்து, 37 டிகிரியில் ஒரு ராத்திரி விட்டுவிடுவோம். காலையில் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் இருந்தால் "சோன் வந்திருக்கு" என்று ஸ்கேலை எடுத்து அளப்போம். தமிழ்நாட்டில் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் நிறைய இப்படித்தான் முடிகிறது.

இந்த வட்டத்தை நம்பி ரொம்ப தூரம் போக முடியாது. சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் வில்லையில் இருப்பது வெறும் 5 மைக்ரோகிராம் மருந்து. மருந்துக்கு மசியும் ஈ.கோலையில் அதுவே 30 மி.மீ. அளவுக்கு வட்டம் போடும். இலைச்சாற்றை ஒரு மில்லிகிராம் ஏற்றி, அதாவது 200 மடங்கு எடை வைத்து, 12 மி.மீ. வந்தால் கட்டுரையில் அதையும் 'குறிப்பிடத்தக்க செயல்பாடு' என்று எழுதிவிடுகிறோம். போதாததற்கு, வட்டத்தின் அளவு மருந்தின் வீரியத்தை மட்டும் காட்டுவதில்லை, அது அகாரில் எவ்வளவு தூரம் பரவுகிறது என்பதையும் சேர்த்துத்தான் காட்டுகிறது. தண்ணீரில் கரையாத பொருள் வில்லையிலேயே உட்கார்ந்துவிடும். எந்த அளவில் வளர்ச்சி நிற்கிறது என்று பார்க்கும் எம்ஐசி சோதனையைச் செய்தால்தான் விஷயம் புரியும். தாவரச் சாறுகளுக்கு அது பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு நூற்றுக்கணக்கான மைக்ரோகிராம் என்று வரும். ரத்தத்தில் அந்த அளவை எட்ட எவ்வளவு சாப்பிட வேண்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தட்டில் கிருமியைக் கொல்வதானால் பினாயிலே போதும். கிருமி சாக வேண்டும், நம் செல்லுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்பதுதான் கஷ்டம்.

மஞ்சளில் இருக்கும் குர்குமின் இன்னும் தொல்லையான ஆசாமி. குடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை, உறிஞ்சப்பட்டதும் சீக்கிரம் சிதைந்துவிடுகிறது. நிறமும் ஒளிர்வும் இருப்பதால் சோதனைக் கருவியையே ஏமாற்றி, வேலை செய்யாத இடத்திலும் செய்வதுபோல் காட்டும்.

அதற்காகத் தாவரத்தில் ஒன்றுமே இல்லை என்று சொல்லவில்லை. சின்கோனா மரப்பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்தது 1820-இல். சீன விஞ்ஞானி தூ யூயூ, பழைய மருத்துவ நூல் ஒன்றில் ஒரு செடியைக் காய்ச்சாமல் நீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருப்பதைக் கவனித்தார். சூடு மருந்தைக் கெடுக்கிறதோ என்று யோசித்து, குறைந்த வெப்பத்தில் ஈதரால் சாறு எடுத்தார். 1970-களின் தொடக்கத்தில் ஆர்ட்டெமிசினின் கிடைத்தது, 2015-இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் இரண்டுமே மலேரியாவுக்கு. மலேரியா ஒட்டுண்ணி பாக்டீரியா இல்லை.

பாக்டீரியா விஷயத்தில் செடியின் உத்தியே வேறாக இருக்கலாம். எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம் பெர்பெரின். நம் ஊர் மரமஞ்சளிலும் இருக்கும் மஞ்சள் நிற ஆல்கலாய்டு இது. ஸ்டஃபைலோகாக்கஸ் தன் பம்ப்பால் இதை வெளியே தள்ளிவிடும், அதனால் தனியாக இதற்குப் பெரிய வீரியம் கிடையாது. 2000-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பெர்பெரின் தயாரிக்கும் ஒரு பெர்பெரிஸ் செடியை ஆராய்ந்தபோது, அந்த பம்ப்பை அடைக்கும் இன்னொரு பொருளும் அதே செடியில் இருப்பது தெரிந்தது. அந்த இரண்டாவது பொருள் தனியாக எந்தக் கிருமியையும் கொல்லாது. வில்லைச் சோதனையில் "சோன் இல்லை" என்று நாம் தூக்கிப் போடுகிற வகை அது.

இன்றைய ஆன்டிபயாடிக்குகளில் பெரும்பகுதி மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்களிடமிருந்து, முக்கியமாக ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியா வகையிடமிருந்து வந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் அமெரிக்காவின் லெடர்லி நிறுவனத்தில் ஆராய்ச்சித் தலைவராக இருந்தபோது, மிசோரி பல்கலைக்கழக வயல் மண்ணிலிருந்து பெஞ்சமின் டக்கர் கண்டெடுத்ததுதான் ஆரியோமைசின். டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த மருந்து, 1948-இல் வெளிவந்தது. அப்புறம் எந்த மண்ணைக் கிளறினாலும் தெரிந்த பழைய மருந்துகளே திரும்பத் திரும்ப வர ஆரம்பித்தன. மண் பாக்டீரியாவில் பெரும்பாலானவை லேப் தட்டில் வளர்வதே இல்லை என்பது இதற்கு ஒரு காரணம். அவற்றை மண்ணுக்குள்ளேயே வைத்து வளர்க்கும் ஐசிப் என்ற கருவியால்தான் 2015-இல் டெய்க்சோபாக்டின் என்ற புது ஆன்டிபயாடிக் கிடைத்தது. அதுவும் ஈ.கோலை மாதிரி, கூடுதலாக ஒரு வெளிச்சவ்வு கொண்ட கிராம் நெகட்டிவ் கிருமிகளிடம் எடுபடாது.

சரி, கெமிஸ்ட்ரியால் முடியாதா? முடிந்திருக்கிறது. 1930-களில் ஜெர்மன் ஆய்வாளர் டோமாக் சோதித்த புரோன்டோசில் என்ற சிவப்புச் சாயம், தட்டில் ஒரு கிருமியையும் கொல்லவில்லை, எலியைக் காப்பாற்றியது. உடலுக்குள் அது உடைந்து, பாக்டீரியாவைத் தடுக்கும் சல்ஃபா மருந்தாக மாறுகிறது என்று பின்னர் பாரிசில் கண்டுபிடித்தார்கள். தட்டை மட்டும் நம்பியிருந்தால் சல்ஃபா யுகமே தள்ளிப்போயிருக்கும்! ஆனால் செயற்கைப் பொருள்களை மொத்தமாகக் கொட்டிச் சலித்தால் வருவது குறைவு. இன்று ஜிஎஸ்கே என்று பெயர் கொண்ட மருந்து நிறுவனம் 1995 முதல் 2001 வரை, லட்சக்கணக்கான சேர்மங்களை வைத்து 70 பெரிய தேடல்களை நடத்தியது. உருப்படியாகத் தேறியவை ஐந்துதான். கிருமியின் நொதியைத் தடுக்கும் பொருள் சுலபமாகக் கிடைத்தது, ஆனால் அது கிருமியின் சுவரைத் தாண்டி உள்ளே போகவில்லை, போனாலும் பம்ப் வெளியே தள்ளியது.

இப்போது பலன் தருவது பெரும்பாலும் கலப்பு வழி: நுண்ணுயிர் தந்த மூலக்கூறை அச்சாக எடுத்துக் கெமிஸ்ட் செதுக்குவது. சென்னையின் ஆர்க்கிட் நிறுவனத்தில் உருவான என்மெடாசோபாக்டம் அப்படிப்பட்டது. பென்சிலின் வழிவந்த டாசோபாக்டமில் ஒரு மெத்தில் தொகுதியைச் சேர்த்தது. செஃபெபிம் என்ற ஆன்டிபயாடிக்கைக் கிருமியின் நொதி உடைத்துவிடாமல் இது காக்கிறது. இரண்டும் சேர்ந்த ஊசிமருந்துக்கு, சிக்கலான சிறுநீர்த் தொற்றுக்காக 2024 பிப்ரவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்தது.

இனி உங்கள் சந்தேகம். மறைத்து வைத்துக் காசு பார்க்கும் அளவுக்கு இந்தத் துறையில் காசு இல்லை. சர்க்கரை மாத்திரையை ஆயுள் முழுக்க விற்கலாம். ஆன்டிபயாடிக்கை ஒரு வாரம்தான் விற்க முடியும். அதிலும் புதியது என்றால் எதிர்ப்புத்தன்மை வந்துவிடக் கூடாதென்று டாக்டர்கள் அதைக் கடைசிக்கு ஒதுக்கி வைப்பார்கள், அது சரியும்கூட. அகாவோஜன் என்ற அமெரிக்க நிறுவனம் பிளாசோமைசின் என்ற தன் புது ஆன்டிபயாடிக்குக்கு 2018 ஜூனில் அனுமதி வாங்கியது, 2019 ஏப்ரலில் திவாலானது. அதே 2018-இல் பெரிய மருந்து நிறுவனமான நோவார்டிஸ் தன் ஆன்டிபயாடிக் ஆராய்ச்சியையே மூடிவிட்டது. வேம்பில் ஒரு நல்ல மருந்து இருந்தால், ஒளித்து வைக்க ஆள் தேட வேண்டாம், அதைச் சந்தைவரை கொண்டுவரப் பணம் போடும் ஆளைத்தான் தேட வேண்டும்.